துரை சைக்கிளின் சாம்பல் நிறம்

கட்டை விரல் ரேகை துடைக்கத் துடைக்கப் பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் புளியங்கொட்டை அளவில்தான் இருந்தது. வேட்டி முனையால் துடைத்ததும் அப்பளம் அளவுக்குப் பரவிவிட்டது.

காசிநாதன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், தோலுக்கு மெருகு ஏற்றுகிற ஃபினிஷிங் பகுதியில், ஒன்பது வருஷமாக டெம்பரவரி. எந்தத் தோலைக் கண்டாலும் கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால்தான் அவன் கை அடங்கும். அன்றைக்கு அந்தக் கை இழுத்துப் பார்த்தது தோலை அல்ல. ஹெல்முட் துரையின் சைக்கிளை.

துரை ஜெர்மனிக்காரர். சாயம் போடும் முறை சொல்லித்தர ஒரு வருஷத்துக்கு வந்தவர். முதலாளி கார் கொடுத்தும், ஊரிலிருந்து கொண்டுவந்த சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். அது இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை. டைட்டானியமாம், ஆகாய விமானத்துக்குப் போடுகிற உலோகமாம். துருவே பிடிக்காதாம். பெயின்ட் கிடையாது. உடம்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம். பளபளப்பு இல்லை, மங்கலும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் மயிரிழை மாதிரி மெல்லிய கோடுகள். ஆயிரம் ஆட்டுத்தோலில் ஒன்றுக்கு அந்த அமைதி வரும்.

"எந்த ஊரு மேஸ்திரி போட்ட ஃபினிஷோ! அவன் காலத் தொட்டுக் கும்புடணும்" என்று காசி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை துரை மெட்ராசுக்குக் கிளம்பும்போது சைக்கிளை அவனிடம்தான் விட்டார். கார் டிரைவர் கவுஸ் பாஷா அவர் இங்கிலீஷைத் தமிழில் சொன்னார்.

"திங்கக்கிழம வர்ற வரைக்கும் நீ பாத்துக்கணுமாம் காசி. வந்ததும் மொதலாளிகிட்ட பேசி உன்ன பர்மனென்ட் ஆக்கப்போறாராம். நல்ல கைன்றாரு."

அந்த நல்ல கைதான் வெள்ளிக்கிழமை காலையில் ரேகை வைத்துவிட்டது.

காசி யோசித்தான். தோலில் ஓரிடத்தில் எண்ணெய் பட்டால் என்ன செய்வார்கள்? முழுத் தோலுக்கும் எண்ணெய் காட்டிச் சமன் செய்வார்கள். விளக்கெண்ணெயைத் தொட்டுச் சைக்கிள் முழுக்கத் தேய்த்தான். ரேகை மறைந்தது. நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தால், பக்கத்து அறையில் தோல் சுரண்டுகிற மெஷினிலிருந்து பறந்த தூள் அத்தனையும் எண்ணெயில் ஒட்டியிருந்தது. கொதிகலன் ஃபிட்டர் வீரபாகு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா காசி, தொரை சைக்கிளுக்குத் தாடி வளந்திருக்குது?"

"சிரிக்காதடா. எம் பொழப்பே இதுலதான் தொங்குது."

"சவரம் பண்ணி வுடு."

தூளைத் துடைத்தான். போனது பாதி, மீதி எண்ணெயோடு சேர்ந்து பிசினாகித் திட்டுத் திட்டாக நின்றது. தோலில் திட்டு விழுந்தால் முட்டை வெள்ளை பூசி மெருகேற்றுவது வழக்கம். காசி பன்னிரண்டு முட்டை உடைத்தான். சக்கரம், சீட்டு, செயினையெல்லாம் கழற்றிவிட்டு, ஃபிரேமை மட்டும் தோலைத் தொங்கவிடுவது போலக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பிரஷ்ஷால் பூசினான்.

ஐப்பசி மழை. காயவே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆம்பூர் ஈக்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்துவிட்டன.

"பேஜாராப் போச்சுடா வீரபாகு! ஒன்னோட ப்ளோ லேம்ப எடுத்துட்டு வா. லேசா அனல் காட்டிக் காய வச்சிடலாம்."

"லேசான்னா எவ்ளோடா?"

"தோலு வெயில்ல காயுமே, அந்த மாதிரி."

வீரபாகுவின் ப்ளோ லேம்புக்கு வெயிலும் தெரியாது, நிழலும் தெரியாது. கொதிகலன் குழாயைப் பற்றவைக்கிற தீ அது. உஸ்ஸென்று சீறியது. ஷாப் முழுக்க ஆம்லெட் வாசனை.

"உப்பும் மெளகும் தூவுனா ஆளுக்கு ரெண்டு துன்னலாம்டா."

"நிறுத்துடா! கருகுது, நிறுத்து!"

கருகிய முட்டை ஆடையைக் காசி நகத்தால் உரித்தான். உள்ளே குனிந்து பார்த்தான். சாம்பல் நிறத்தைக் காணோம். குழாயின் ஒரு பக்கம் தங்கம். அதையடுத்து ஊதா. அதையும் தாண்டி, மயில் கழுத்து நீலம். துணியால் தேய்த்தான், சோப்பால் தேய்த்தான், புளி போட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க நிறம் பிரகாசமானதுதான் மிச்சம்.

"பாவி, அந்த மேஸ்திரி பாடுபட்டுப் போட்ட சாம்பலு! திரும்பக் கொண்டாற முடியுமாடா?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு கொழாய் மட்டும் இப்பிடி இருந்தா நல்லா இருக்காது."

காசிக்கும் அதுதான் உறுத்தியது. ஒரே ஜோடிச் செருப்பில் வலது ஒரு நிறம், இடது ஒரு நிறம் இருந்தால் ஃபினிஷிங்காரனுக்குத் தூக்கம் வராது. பாழானாலும் நிறம் ஒத்துப்போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வீரபாகு தீயைப் பிடிக்க, காசி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தூரப் புடி... இப்ப கிட்ட... போதும், அடுத்ததுக்கு வா" என்று ஒவ்வொரு குழாயாக நிறமேற்றினான். இடையில் அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலும், "அடடா, இந்த நீலத்தப் பாரேன்!" என்று வாய்விட்டுச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை கார் வந்து நின்றது. முதலாளி மக்பூல் அகமது முதலில் இறங்கினார். சக்கரம், செயின் எல்லாம் திரும்ப மாட்டி நிறுத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"இன்னா காசி, சைக்கிளுக்குக் கல்யாணமா? ஜோடிச்சி வச்சிருக்கே?"

காசி வேட்டி முனையால் குழாயை மறைக்கப் பார்த்தான்.

"விருந்தாளி சாமான நாசம் பண்ணிட்டியேப்பா! பர்மனென்டு கேக்குற லட்சணமா இது? நாளையிலருந்து வேற ஷாப் பாத்துக்க."

துரை பின்னாலேயே இறங்கி வந்தார். சைக்கிளை மூன்று சுற்று சுற்றினார். மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நீலம் ஊதாவாக மாறுகிற இடத்தை நகத்தால் மெல்லத் தடவினார். அவர் முகம் சிவந்தது. எழுந்து கவுஸ் பாஷாவிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்.

"இன்னா பாய் சொல்றாரு? போலீசுன்றாரா?" காசி டிரைவரின் கையைப் பிடித்தான்.

கவுஸ் பாஷா தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"காலத் தொட்டுக் கும்புடணும்னியே, அந்த மேஸ்திரி தொரைதானாம்டா! இந்த மயில் நெறம் வரணும்னு மூணு வருசமா தீயில காட்டிப் பாத்து, ஒரு தடவகூட வராம, கோவத்துல உப்புத்தாள் போட்டுத் தேச்சதுதான் அந்தச் சாம்பலாம். நீ இன்னாத்தப் பூசினேன்னு கேக்குறாரு, சொல்லு!"