கத்திரி டீச்சர் கேட்ட மூன்று கேள்வி

அந்தக் காலத்து மயிலாப்பூரில் கத்திரி டீச்சருக்குப் பயப்படாத ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை. பயப்படாதது போல நடித்தவர் ஒருவர் உண்டு. அவர் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தின் மானேஜர்.

முப்பதுகளின் ஆரம்பம். அந்தப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன், அவள் தையல் சொல்லிக் கொடுத்தாள். ராயப்பேட்டையிலிருந்து திரை போட்ட ரிக்‌ஷாவில், கறுப்புப் புர்காவில் வந்து இறங்குவாள். உள்ளே வந்து புர்காவைக் கழற்றினால், இடுப்பில் கறுப்பு ரிப்பனில் ஒரு பெரிய கத்திரிக்கோல் தொங்கும். பேர் வந்தது அதனால்தான் என்று குழந்தைகள் நினைத்தார்கள். எங்களுக்குத் தெரியும், பேர் வந்தது நாக்கால்.

ஒருமுறை மானேஜர், "அடுத்த மாசம் தையல் மெஷின் வந்துடும்" என்று வகுப்பில் வந்து அறிவித்தார். இவள் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "எந்த வருஷத்து அடுத்த மாசம் சார்?" என்று கேட்டாள். மானேஜர் இருமிக்கொண்டே போனார். பத்தாம் நாள் மெஷின் வந்தது.

இன்னொரு முறை, பரீட்சை பண்ண வந்த துரைசானியம்மா பிள்ளைகளின் தையலைக் குறை சொன்னாள். டீச்சர் கேட்டு முடித்துவிட்டு, "அம்மா, உங்க பாவாடை விளிம்பு பின்னாடி ரெண்டு அங்குலம் பிரிஞ்சிருக்கு. உக்காருங்க, தச்சுத் தர்றேன்" என்றாள். துரைசானி உட்கார்ந்தாள். தைத்து முடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. எனக்கு அன்றைக்கு வேலை போய்விடும் என்றே தோன்றியது. அவள் வேலைதானே போகவேண்டும், எனக்கு ஏன் தோன்றியது என்று கேட்காதீர்கள். அவள் பக்கத்தில் நின்றாலே அப்படித்தான்.

அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அத்தா மவுண்ட் ரோடில் கோட்டு தைத்துக் கொடுத்தவர். மகளுக்குத் தையலும் படிப்பும் கற்றுத் தந்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அம்மாவும் இல்லை. அத்தாவின் தம்பி, சின்னத்தா வீட்டில்தான் இருந்தாள். அவர் பீங்கான் கடை வைத்திருந்தார். அவர் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். பினாங்கில் வியாபாரம், ஆள் நல்ல நிறம், சின்னத்தாவின் மகனையும் கப்பலேற்றிக் கூட்டிப்போய் ஆளாக்குவதாகப் பேச்சு.

டீச்சர் மாப்பிள்ளைக்கு மூன்று கேள்வி எழுதி சின்னத்தாவிடம் கொடுத்தனுப்பினாள். கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளிக்கூடம் போகலாமா? கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? வேறு எங்கேயாவது குடும்பம் இருக்கிறதா?

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. போகலாம். கோபமே வராது. இல்லவே இல்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் சொன்னாள். "டீச்சர், கோபமே வராத ஆம்பிளைய நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"எங்காத்துக்காரருக்குக் காப்பி ஆறிப்போனாலே வந்துடும்" என்றேன்.

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு. உங்க கல்யாணத்துல உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"ஊஞ்சல்ல உக்காத்தி வெச்சு, பாவாடை பிடிச்சிருக்காடின்னு கேட்டா."

அவள் சிரிக்கவில்லை. "எங்கள்ல பொண்ணோட சம்மதத்தைக் கேட்டே ஆகணும். கேக்காம நிக்காஹ் இல்லை. அது என் ஹக்கு" என்றாள். உரிமை என்று அர்த்தம்.

நிக்காஹ் அன்று முற்பகல் நான் போனேன். பெண்கள் அறையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, எனக்கென்று தனியாக இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். வாசற்படியில் திரை. அந்தப் பக்கம் கூடத்தில் மாப்பிள்ளை, நிக்காஹ் ஓதிவைக்கிற ஹஜ்ரத், ஊர் ஜனம். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை.

திரைக்கு அப்பால் மூன்று பேர் வந்து நின்றார்கள். வக்கீலாக டீச்சரின் தாய்மாமா. கோர்ட்டு வக்கீல் இல்லை. பெண்ணிடம் சம்மதம் வாங்கிப் போய்ச் சபையில் சொல்கிறவர். கூட இரண்டு சாட்சிகள். ஒருவர் காது கேளாத கிழவர். மற்றவர் லஸ் முனையில் கெடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவர்.

மாமா மாப்பிள்ளை பேரையும், அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "சம்மதமாம்மா?" என்று கேட்டார்.

பெண் பேசமாட்டாள், தலையைக் குனிந்துகொள்வாள், பக்கத்தில் இருக்கிற பெரியம்மாக்களில் ஒருத்தி "ஊம் சொல்லிட்டா" என்பாள் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு பெரியம்மா வாயைத் திறந்தும் விட்டாள்.

"ஒரு நிமிஷம் மாமா."

பெரியம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. திரைக்கு அடியில் மருதாணிக் கை ஒன்று ஒரு காகிதத்தை நீட்டியது. "இதுல மூணு கேள்வி இருக்கு. மாப்பிள்ளை வாயாலயே பதில் வரணும். வந்ததும் சொல்றேன்."

காகிதத்தைத் தொட தாய்மாமாவுக்குத் துணிச்சல் இல்லை. கெடிகாரக்காரர்தான் குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

கூடத்திலிருந்து சின்னத்தாவின் குரல், "அதெல்லாம் அன்னிக்கே கேட்டாச்சுப்பா!" அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் குரல், "என்கிட்ட யார் கேட்டாங்க?"

கெடிகாரக்காரர் திரும்பி வந்தார். ராகம் போடாமல், மணி அடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பள்ளிக்கூடம் போகக் கூடாதாம். அவங்க வீட்டுல பழக்கமில்லையாம். கோபம் வந்தா, கையில கெடச்சதை எடுத்து வீசுவாங்களாம். பினாங்குல ஒரு சம்சாரம், ரெண்டு புள்ளைங்க இருக்காங்களாம். 'இதெல்லாம் பொண்ணு பேசும்போதே உங்க சின்னத்தாகிட்ட சொல்லிட்டேனே'ன்னு கேக்கறாங்க."

நான் வாழைப்பழத்தைத் தோலோடு கடித்துவிட்டேன்.

மாமா அழாத குறையாக, "இப்ப என்னம்மா சொல்லட்டும்?" என்றார்.

"எனக்குச் சம்மதம் இல்லை."

கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். குரலில் பிசிறே இல்லை. ஆனால் அவள் கை என் மணிக்கட்டை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. நகம் பதிந்த தடம் நாலு நாள் இருந்தது எனக்கு.

சின்னத்தா திரைக்கு அருகே பாய்ந்து வந்தார். "சபையில என் மானத்தை வாங்கிட்டியே! கேக்கறது ஒரு வழக்கம்! யாராவது பதில் சொல்லுவாங்களா?"

கூடத்திலிருந்து ஹஜ்ரத்தின் குரல் வந்தது. "பதில் வேணும்னுதானே கேக்கச் சொல்லியிருக்கு? பொண்ணு மாட்டேன்னா மாட்டேன்தான். நான் ஓத முடியாது." புத்தகத்தை மூடுகிற சத்தமும் கேட்டது.

"அப்ப இந்த வீட்டுல உனக்கு இடமில்லை" என்றார் சின்னத்தா.

டீச்சர் எழுந்தாள். திரையைப் பார்த்து, "வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க. அரிசி ஒரு தப்பும் பண்ணலை" என்றாள். கல்யாணப் புடவை மேலேயே புர்காவைப் போட்டுக்கொண்டாள். அத்தாவின் தையல் மெஷினை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். என் பிறந்த வீட்டார் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் காசிக்குப் போயிருப்பார்கள்.

ரிக்‌ஷாக்காரன் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, கண்ணாலம் முடிஞ்சிச்சா?" என்றான்.

"நடக்கலைப்பா."

"நடக்காத கண்ணாலத்துக்கு இம்மாம் பிரியாணி வாசனை வந்துகினு கீதே!"

பள்ளிக்கூட வாசல் வந்ததும் டீச்சர் திரைக்குள்ளேயே அழுதாள். ரிக்‌ஷாக்காரன் இறங்கச் சொல்லாமல், வண்டிச் சக்கரத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தான்.

எங்கள் தலைமை ஆசிரியை பள்ளி ஹாஸ்டலில் ஒரு அறை கொடுத்தார். "கல்யாணத்தை நிறுத்தினவ பெண் குழந்தைகளுக்கு என்ன கத்துக்கொடுப்பா?" என்று மானேஜர் குதித்தார். "பொத்தான் தைக்க" என்றார் தலைமை ஆசிரியை. அதோடு சரி. ஆனால் டீச்சர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் சின்னத்தா வீட்டுத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மடித்த காகிதம் ஒன்றை என்னிடம் நீட்டினாள். "லஸ் முனையில கெடிகாரக் கடையில குடுத்துடுங்க. அதே மூணு கேள்விதான்."

"நீங்களேவா? பொண்ணே மாப்பிள்ளை கேக்கறதா?" என்றேன்.

"அன்னிக்கு அந்தக் கூடத்துல அத்தனை பேர் இருந்தாங்க. சொன்னதைச் சொன்னபடி கொண்டுவந்து சொன்னது அவர் ஒருத்தர்தான். வேற என்ன பொருத்தம் வேணும் எனக்கு?"

எங்காத்துக்காரருடைய நன்றாக ஓடிக்கொண்டிருந்த கெடிகாரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். காகிதத்தைப் படித்ததும் அவர் கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடி கீழே விழுந்து உருண்டது. வெகுநேரம் அதைத் தேடினார். எனக்கு எதிரிலேயே கிடந்தது. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"எனக்கு வயசு முப்பத்தாறு. சம்சாரம் மவுத்தாகி நாலு வருஷமாச்சு. அது அவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

"தெரியும்."

"பள்ளிக்கூடம் போகட்டும். வேற குடும்பம் இல்லை." கோபத்துக்குத்தான் ரொம்ப நேரம் யோசித்தார். "வரும்மா. வந்தா கடையைப் பூட்டிட்டு, கோயில் குளத்தை ஒரு சுத்து நடந்துட்டு வருவேன்."

நான் ஒரு வார்த்தை மாற்றாமல் வந்து சொன்னேன். டீச்சர் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹாஸ்டலுக்கு எதிர்வீட்டில், தாய்மாமாவே முன்னின்று நடத்திய நிக்காஹ். அவர் கேட்டு முடிப்பதற்குள் உள்ளேயிருந்து "சம்மதம்!" என்று வந்த குரலில், வாசலில் நின்ற ஜட்காக் குதிரை இரண்டடி பின்னால் போனது. சின்னத்தா தெருக்கோடியில் நின்றிருந்தார். மாப்பிள்ளையே போய்க் கூப்பிட்டார். வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், யாரிடமும் பேசாமல் இரண்டு தட்டு சாப்பிட்டார். போகும்போது ஒரு டஜன் பீங்கான் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் பதினாலு வருஷம் எங்கள் பள்ளியில் வேலை பார்த்தாள். மூன்று மானேஜர்கள் மாறினார்கள். அவள் லீவு போட்ட நாட்களில் ஸ்டாஃப் ரூம் அமைதியாக இருக்கும். யாரும் யாரையும் குறுக்கே கேட்கமாட்டார்கள். அப்பாடா என்று காலை நீட்டி உட்காருவேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த நிம்மதி எனக்குப் பொறுக்காமல் போய்விடும்.