இருபக்க உத்தரவு

அந்தமான் காடுகள் பச்சைப்பசேலென்று நிற்பதற்கு மழைதான் காரணம் என்று பாமரர்கள் நம்புகிறார்கள். உண்மைக் காரணம், அறுபத்தாறாம் வருஷம் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவதரித்த 'மரம் காக்கும் காகிதத் திட்டம்'.

திட்டத்தின் தந்தை சிவஞானம், மெயின்லாண்டிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. விரலுக்குப் பிடிபடாத அளவு தேயும்வரை புதுப் பென்சில் கிடையாது. வந்த உறைகளைப் பிரித்து, உட்புறம் வெளியே தெரியும்படி ஒட்ட வேண்டும். பின்பக்கம் நிரம்பாமல் எந்தத் தாளும் குப்பைக்குப் போகக் கூடாது.

டைப்பிஸ்ட் ஜெயமணி திட்டத்தை மனமார ஆதரித்தாள். மெட்ராஸில் தங்கைக்குக் கல்யாணம், லீவும் கிடைத்தாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் அவள் எதையும் ஆதரித்திருப்பாள். தன் லீவு உத்தரவையும் கப்பல் அனுமதியையும் ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் தானே அடித்து எடுத்துக்கொண்டு, சாத்தம் பாலத்தைத் தாண்டி, கப்பல் ஏறும் ஜெட்டிக்குப் போனாள்.

ஜெட்டி குமாஸ்தா ஹிந்திக்காரர். அவர் முன்பக்கத்தைப் படித்துவிட்டு, எங்கே என்று விசாரித்தார்.

"பெஹன்ஜி, பைல் கிதர் ஹை?"

"பைலா? ஆபீஸ் மே ஹை ஜி."

"தோனோ பைல்?"

"ஆமா, ரெண்டும்தான். அல்மாரி மே பந்த் ஹை."

அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அவை மூச்சு விடுவது எப்படி என்று குமாஸ்தா பதறிப்போனார். ஹிந்தியில் 'பைல்' என்றால் எருது. முன்பக்கத்தில் இருந்தது பழைய உத்தரவு: 'இதைக் கொண்டுவருபவரையும் இரண்டு எருதுகளையும் வடக்கே திக்லிபூர் தீவுக்கரைக்குப் போகும் கப்பலில் ஏற்றவும்.'

ஜெயமணி தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எந்தப் பக்கம் செல்லும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. வாக்குவாதம் முடிவதற்குள் மெட்ராஸ் கப்பல் ஊதிவிட்டுப் புறப்பட்டது. தங்கைக்கு வாங்கிய புடவையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த கப்பல் வருவதற்குள் மறுவீட்டு விருந்தே முடிந்துவிடும்.

சிவஞானம் பதறவில்லை, அவசரக் கூட்டம் கூட்டினார். இனி ஒவ்வொரு தாளுடனும், எந்தப் பக்கம் செல்லும் என்று விளக்கும் சீட்டு ஒன்று, புதுத் தாளில், மூன்று பிரதிகள்!

"சீட்டோட பின்பக்கம் சார்?" என்றாள் ஜெயமணி.

"அதுல எதுவும் அடிக்காதே. குழப்பம் வரும்."

வருஷ முடிவில் சாதனை அறிக்கையை அடிக்கும் பாக்கியமும் அவளுக்கே வாய்த்தது.

"மிச்சமான தாள் கணக்கை எழுதிட்டேன் சார். சீட்டுக்குச் செலவானது அதைவிடப் பல மடங்கு. அதையும், நான் கல்யாணத்துக்குப் போக முடியாமப் போனதையும் எங்கே எழுதறது?"

"அதெல்லாம் எதுக்கும்மா? அநாவசியமா ஒரு தாள் வீணாகும்."

அந்தத் திட்டத்தில் மெய்யாகவே மிச்சமான தாள் அது ஒன்றுதான்: உண்மையை எழுதியிருக்க வேண்டிய தாள்.