கண்ணாடிப் பெட்டிக்குள் வருகைப் பதிவேடு

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பியின் வணக்கம். தாங்களும் அண்ணியும் நலமா என்று அறிய ஆவல். என் நலத்தை டாக்டரே அறிந்து சொல்லிவிட்டார்: நுரையீரல் முழுக்கப் பஞ்சு.

ஆலைத் தொழிலாளர் மருத்துவமனையில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது. பஞ்சறையில் பதினொரு வருடம் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி காட்டினால் அது எனக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து இருமுகிறவருக்கு. ஆலை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. வருகைப் பதிவேடு தொழிலாளர் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்றார்கள். போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள், நாம் ஒருநாளும் கண்டிராத குளிர்ச்சியில் படுத்திருக்கிறது. திறந்து வைத்திருப்பது வேலைநிறுத்தம் தொடங்கிய நாள், நெசவுப் பகுதியின் பக்கம். ஒரு பெயருக்கு நேராகவும் குறி இல்லை. காப்பாளர் அம்மாள் நல்ல மாதிரி. "பின்னால திருப்புங்கம்மா, நான் வேலைக்கு வந்ததெல்லாம் அங்கதான் இருக்கு" என்றேன். "ஐயா, நீங்கல்லாம் வராத நாள்தான் வரலாறு. கண்காட்சி முடிய ஏழு மாசம் ஆகும்" என்றார். "டாக்டர் நாலுதாம்மா குடுத்திருக்காரு." "அப்படியா, அப்ப உங்க நினைவுகளை இன்னிக்கே பதிவு பண்ணிடலாம்" என்று உள்ளே அழைத்துப்போய் மைக்கை நீட்டினார். வாயைத் திறந்தால் இருமல்தான் முதலில் வருகிறது, பேச்சைவிட அதற்கு சீனியாரிட்டி அதிகம். "இதை வெட்டிடவா?" என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்க, அம்மாள் பதறிப்போய், "வேண்டாம் வேண்டாம், அதுதான் அசல்" என்றுவிட்டார். இப்போ என் இருமலுக்கு ஒரு எண் உண்டு, தனிப் பெட்டி உண்டு, நூறு வருஷம் கெடாதாம். அந்த எண்ணை எழுதி வாங்கிட்டு மருத்துவமனைக்குப் போனா, அங்க இருக்கற எழுத்தர், "இருமல் யாருக்கு வேணும்னாலும் வரும் பெரியவரே, பதிவேட்டுல பேரு எங்க?"ங்கறாரு.

அண்ணா, நீங்க ஒரு தடவை வந்து, இவன் என் தம்பி, பஞ்சறையிலதான் கிடந்தான்னு ஒரு வார்த்தை சாட்சி சொன்னா போதும். உங்களுக்கு முட்டி வலி, ரெண்டு பஸ் மாறணும், எல்லாம் தெரியும். படுக்கையை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், தற்போது இருப்பில் உள்ள அளவுக்கு.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் செய்தி வந்தது. அம்மாள் மனமிரங்கிப் பெட்டியைத் திறந்து பக்கத்தைத் திருப்பிவிட்டார். வேலைநிறுத்த நாட்கள் போக, பதினொரு வருடமும் ஒரு நாள் விடாமல் குறி இருக்கிறது, தங்கள் பெயருக்கு நேராக. தாங்கள் ஆலையை விட்டுத் தையல் கடை வைக்கப் போனபோது, தங்கள் பெயர் போட்ட டோக்கனை மாட்டிக்கொண்டல்லவா நான் உள்ளே போனேன். அத்தனை வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகியதில், அது என்னுடையதில்லை என்பதே மறந்துவிட்டது. மருத்துவமனையும் பெயரைப் பார்த்துப் படுக்கையை ஒதுக்கிவிட்டது. ஆகவே சாட்சி சொல்ல வர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்து படுத்துக்கொள்ளவும்.