தண்டு சாரின் ஸ்லைடு

தாவரவியல் பேராசிரியரின் கைதவறித் தரையில் விழுந்து நொறுங்கியது வெறும் கண்ணாடித் துண்டு அல்ல; அவருக்கு வரவிருந்த துறைத் தலைவர் பதவி.

மாணவராக இருந்தபோது தம் கையாலேயே சீவிய சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு ஸ்லைடு அது. இருபது வருடமாக வகுப்பு தவறாமல் அதைக் காட்டி, "புறத்தோல், அடிப்படைத் திசு, வாஸ்குலார் கற்றை, மூணும் ஒரே வெட்டுல. இப்படிச் சீவ இன்னொருத்தன் பொறக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே 'தண்டு சார்' என்ற பட்டத்தைச் சம்பாதித்திருந்தார்.

பதினோரு மணிக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர் அம்மையார் வருகிறார். அந்த ஸ்லைடைப் பார்த்த பிறகுதான் பதவிக்குப் பரிந்துரை எழுதுவாராம்.

ஆய்வக உதவியாளர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார்.

"குப்பையை என்னய்யா பத்திரப்படுத்துறே?"

"கால்ல குத்திடும் சார். வேணா நான் ஒண்ணு சீவட்டுமா?"

"நீ கண்ணாடியக் கழுவு, போதும். சீவுறதுக்குப் படிச்சிருக்கணும்."

படித்தவர் பிளேடை எடுத்தார். முதல் வெட்டு தடிமன், நுண்ணோக்கியில் கும்மிருட்டு. இரண்டாவது சாய்ந்துபோய், வாஸ்குலார் வளையத்தில் பாதியைக் காணோம். மூன்றாவது நல்ல மெல்லிசு. ஆனால் அது அவருடைய விரல்.

"சார், ரத்தம்."

"சாயம்யா அது."

நான்காவதை நிஜமான சாயத்தில் போட்டுவிட்டு, மூலையில் நின்று விரலுக்குக் கட்டுப் போட்டுத் திரும்பினார். அதற்குள் புறத்தோலிலிருந்து நடுத்தண்டு வரை அத்தனை திசுக்களும் பேதம் மறந்து ஒரே சிவப்பாகிவிட்டிருந்தன.

வாசலில் செருப்புச் சத்தம். அம்மையார் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"எங்க சார், உங்க பேர்பெற்ற ஸ்லைடு?"

உண்மையைச் சொல்வதா, மயங்கி விழுவதா என்று தண்டு சார் முடிவெடுப்பதற்குள், "நுண்ணோக்கியிலேயே இருக்கு மேடம்" என்றார் உதவியாளர்.

அம்மையார் குனிந்தார். குமிழை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தார். தண்டு சார் மயக்கத்தையே தேர்ந்தெடுத்திருந்தார்.

"ஒரு செல்கூடக் கிழியலையே. கற்றையெல்லாம் கோத்து வெச்ச மாதிரி இருக்கு. என்ன கை சார் உங்களுக்கு."

தண்டு சார் எட்டிப் பார்த்தார். ஸ்லைடின் ஓரத்தில் அவருடைய கையெழுத்திலேயே லேபிள். "மாணவனா இருந்தப்பச் சீவினது மேடம்" என்று வாய் தானாகச் சொன்னது.

பரிந்துரை எழுதிக் கொடுத்துவிட்டு அம்மையார் போனதும் தண்டு சார் கதவைச் சாத்தினார்.

"தூள்தூளானத எப்படிய்யா ஒட்டினே?"

உதவியாளர் கண்ணாடி கழுவுவதை நிறுத்தவில்லை.

"புதுசுல லேபிளத்தான் சார் ஒட்டினேன். உங்க ஸ்லைட நீங்க வேலைக்குச் சேர்ந்த வருஷமே நான் கீழ போட்டுட்டேன்; காலையில நீங்க உடைச்சது, நான் சீவினதுல ஒம்பதாவது."