ஒத்தை ஆள் கொசுவலை

இனிமேல் இந்த வீட்டில் காய்ச்சலுக்கு இடமில்லை என்று குமாஸ்தா சபதம் எடுத்தபோது, அவருடைய மகள் இரண்டாவது மலேரியாவிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. கையைத் தூக்கினால் எலும்புதான் தெரிந்தது. இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் யாரோ அஸ்திவாரத்துக்குத் தோண்டிப் போட்ட குழியில் தண்ணீர் தேங்கி, கொசுக்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன. வாடகை கொடுப்பது மட்டும் இவர்.

குமாஸ்தாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. யாருக்கு என்ன ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று நாள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பழகி, ஆளைப் பார்த்தால் அவருக்குத் தொகைதான் தெரியும். அன்று சாயங்காலம் மருந்து தோய்த்த கொசுவலையோடு வந்தார்.

"சாதா வலை பாதி விலைதான். ஆனா ஒரு ஓட்டை விழுந்தா போச்சு. இது மேல வந்து உக்காந்தாலே கொசு காலி. வருஷக்கணக்குல தாங்கும். ஒரு காய்ச்சலுக்கு ஆன ஆஸ்பத்திரி செலவுல இந்த மாதிரி பத்து வலை வாங்கலாம், தெரியுமா?"

"போன மழைக்கே கேட்டேனே" என்றாள் மனைவி.

"போன மழைக்கு நான் கணக்குப் போடல."

அவள் வலையைப் பிரித்துப் பார்த்தாள். "என்னங்க இது, ஒத்தை ஆள் வலையா இருக்கு?"

"பெருசு விலை ஜாஸ்தி."

"வலையப் பாத்துட்டு வாங்கன்னா விலையப் பாத்துட்டு வந்திருக்கீங்க. சரி, யாருக்கு?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு. மகள் முகத்தைப் பார்த்தால் வராது என்று ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"பாசம் வேற, கணக்கு வேற. யாரு படுத்தா வீட்டுக்கு நஷ்டம் அதிகமோ, அவங்கதான் உள்ள படுக்கணும். சம்பாதிக்கிறவன் விழுந்தா குடும்பமே விழுந்துடும். இல்லையா?"

மனைவி அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று நினைத்தார்.

"நியாயம்தான்" என்றாள் அவள். அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"போன வருஷம் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, சம்பளத்துல பிடிச்சாங்களா?"

"மெடிக்கல் லீவு இருக்கே! முழுச் சம்பளம்."

"ஆஸ்பத்திரி செலவு?"

"ஆபீஸ்ல கொடுத்துட்டாங்க. எனக்கு மட்டும்தான் அந்தச் சலுகை" என்றார் பெருமையாக.

"பாப்பாவுக்கு வந்தா?"

"அது... கைக்காசு."

"எனக்கு வந்தா?"

"அதுவும் கைக்காசு. உன் தையல் வருமானமும் நின்னுடும். சமையலுக்கு ஆள் வேற வைக்கணும்..."

பாதியில் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கணக்கு முடிந்துவிட்டது.

அவள் ஆணி தேடி வலையைக் கட்டினாள். மகளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்து, தானும் நுழைந்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினாள். பிள்ளை அவ்வளவு மெலிந்திருந்ததால் ஒத்தை ஆள் வலையில் இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் இருந்தது. இந்தப் பிள்ளையைப் பார்க்காமலா ஜன்னலைப் பார்த்துப் பேசினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் காதோரம் ஒரு கொசு பாட ஆரம்பித்தது.

"அப்போ நான்?"

"நீங்க வெளியிலயே படுங்க. இந்த வீட்டுல நஷ்டமில்லாம காய்ச்சல்ல படுக்கக்கூடிய ஒரே ஆளு நீங்கதான்."