வரவேற்புத் தொழில்நுட்பம்

நாட்டுக்குத் தேவை கைகளே அன்றி வாய்கள் அல்ல என்ற பேருண்மையைக் கல்வி அலுவலகம் ஒரு திங்கட்கிழமை காலையில் கண்டுபிடித்தது. அன்று மாலைக்குள் சுற்றறிக்கை பூனாகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கூரைத்தகடு கேட்டு எழுதிய கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் இல்லை. உயர்தரக் கலைப்பிரிவு மூடப்படும். அந்த வகுப்பறை தொழில்நுட்பக் கூடமாகும். அங்கே தமிழும் வரலாறும் படிப்பிக்கும் யேசுரத்தினத்துக்குத் தொலைவில் உள்ள மொனராகலைக்கு இடமாற்றம்.

யேசுரத்தினம் கவலைப்பட்டார். இடமாற்றத்தை விட, துஷ்யந்தியை நினைத்துத்தான். கொழுந்து பறிக்கும் ரெங்கம்மாவின் மகள். சட்டம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவள். கலைப்பிரிவு போனால் அவளுடைய பல்கலைக்கழகமும் போச்சு.

கூடத்தைப் பார்வையிடக் கல்வி அதிகாரி சிதம்பரநாதன் வந்தார்.

“பிள்ளைங்களுக்குக் கையில ஒரு தொழிலும் வேணும், நாலு விசயம் யோசிக்கவும் தெரியணுங்க சேர். ரெண்டையும் படிக்கட்டுமே” என்றார் யேசுரத்தினம்.

“கவிதையை பிளக்குல செருகுனா பல்ப் எரியுமா?”

“எரியாதுங்க. ஆனா இந்தக் கூடத்துக்கே இன்னும் கரண்ட் வரலீங்களே. மெசினும் ஓடாதே?”

“அது தொழில்நுட்பக் கோளாறு. ஒங்களோடது அடிப்படைக் கோளாறு. அத விடுங்க. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வர்றாரு. வரவேற்பு நடனம், பாட்டு, வாழ்த்துக் கவிதை, நன்றியுரை எல்லாம் தடபுடலா இருக்கணும்.”

“யாருங்க செய்றது?”

“ஒங்க கலைப்பிரிவுப் பிள்ளைங்கதான்.”

“அதத்தானே மூடுறீங்க?”

“திறந்து முடிச்சதும் மூடுவோம். எதுக்கும் ஒரு ஒழுங்குமுறை இருக்கில்ல?”

நியாயம்தான். நம் பக்கத்தில் மலசலகூடம் திறந்தாலும் மாலையும் நடனமும் இல்லாமல் திறப்பதில்லை.

அமைச்சருக்கு ஆயிரம் வேலை. திகதி தள்ளிக்கொண்டே போனது. தள்ளிப்போன ஒவ்வொரு தடவையும் யேசுரத்தினம் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். ஒத்திகை என்ற பெயரில் பாடத்தை நடத்தினார்.

கடைசியில் விழா வந்தேவிட்டது. துஷ்யந்தி வாழ்த்துக் கவிதை வாசிக்க எழுந்தாள். வாழ்த்து முதல் வரியோடு தீர்ந்தது. மெசின் படிப்பவர்களுக்கு வேறு அறை கட்டிக்கொடுங்கள், எங்கள் அறையைப் பிடுங்காதீர்கள், எங்களுக்காகப் பேச நாங்களும் படிக்க வேண்டும் என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

அமைச்சருக்குத் தமிழ் தெரியாது. சிதம்பரநாதன் குனிந்து அவர் காதில் சிங்களத்தில் மொழிபெயர்த்தார்: ஐயா நூறாண்டு வாழ வேண்டுமாம், ஆனந்தக் கண்ணீராம். பந்தல் அதிரக் கைதட்டல் எழுந்தது.

அமைச்சர் உருகிப்போனார். இப்பேர்ப்பட்ட திறமை வீணாகக் கூடாது என்று அங்கேயே உத்தரவிட்டார். அதன்படி கலைப்பிரிவு, ‘வரவேற்புத் தொழில்நுட்பம்’ என்னும் தொழிற்பயிற்சியாகத் தரமுயர்த்தப்பட்டது. மாலை கட்டுதல், விளக்கேற்றத் தீப்பெட்டி நீட்டுதல், புன்னகை – செய்முறையுடன். வரலாற்றுப் பாடத்தில் முன்னாள் அமைச்சர்களின் வருகைகள். பெட்டி பிரிக்காத மெசின்கள் மேடையாகப் பயன்பட்டன. யேசுரத்தினத்தின் இடமாற்றம் ரத்தாகி, அவரே அதைப் பயிற்றும் வளவாளரும் ஆனார்.

பெற்றோர் கூட்டத்துக்குத் தலைகாட்டாத பெற்றோரெல்லாம் வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள். துஷ்யந்தி மட்டும் சேரவில்லை. ரெங்கம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்களே சொல்லுங்க சேர். சட்டம் படிச்சு இவ எப்பக் கறுப்புக் கோட்டு போடப் போறா? இதுல கையோட சர்ட்டிபிகேட் குடுக்குறாங்களே!”

பிள்ளைகள் குறைந்தால் மறுபடி மொனராகலைதான் என்பது யேசுரத்தினத்தின் நினைவுக்கு வந்தது.

“இப்போதைக்குச் சேர்ந்துக்கம்மா. சட்டம் எங்க ஓடிரப்போகுது?”

துஷ்யந்தி அவரையே பார்த்தாள். “அன்னைக்கு நான் கெஞ்சுனது யாருக்குமே வெளங்கலையா சேர்?”

“அமைச்சருக்குத் தமிழ் தெரியாதேம்மா.”

“ஒங்களுக்குத் தெரியுமே. மொதல்ல கை தட்டுனது நீங்கதானே?”

வெளியே ஜீப் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பதில் சொல்ல வாயெடுத்த யேசுரத்தினத்தின் முகம், அவரைக் கேட்காமலே புன்னகைக்கத் தொடங்கியது.