மாமனாரின் பெட்டி

பழைய சாக்கெட்டுகளை எல்லாம் பிடுங்கிப் போட்ட பிறகுதான், புதியவை அந்த ஓட்டைகளுக்குள் போகாது என்பது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உறைத்தது. தங்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவி திரும்புவதற்குள் வேலையை முடித்து அவளை அசத்திவிட வேண்டும் என்று ஆசை. சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா?

அவர் முன்னால் வாயைப் பிளந்து நின்றது மாமனார் விட்டுப்போன சிந்தசைசர். கட்டைகள் வைத்த கீபோர்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மரப்பெட்டிகள், முகப்பு முழுக்கத் திருகுகளும் துளைகளும். ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் மாட்டி மாட்டித்தான் அதிலிருந்து விதவிதமான சத்தம் வாங்க முடியும். ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்தை இழுத்து மூடியபோது மாமனார் வாங்கி வந்தது. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். சமையலறைச் சுவரை ஒட்டிப் பெட்டி. அதன் காலடியில், விளக்குகள் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டு மகள்.

"மெதுவா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வரும்ங்க. அப்பா மடியில படுத்திருக்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன்" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். இன்றைக்கும் சொல்கிறாள்.

மாமனார் போனதும் மற்ற சாமான்களை எல்லாம் தள்ளிவிட்டு, அம்மாவையும் இந்தப் பெட்டியையும் மட்டும் தன்னோடு அழைத்து வந்தாள். வந்ததிலிருந்து பெட்டி ஊமை. துருப்பிடித்த சாக்கெட்டில் ஒயர் நிற்கவில்லை. அந்த மாதிரி இப்போது கிடைக்காது, பனானா ஜாக் போட்டுவிடுங்கள் என்றார் ரேடியோ ரிப்பேர்காரர். ஒயர் நுனியில் வயிறு உப்பிய பித்தளை முனை, ஜாக்கில் செருகினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம். பொடித் திருகாணிகளோடு காலமெல்லாம் குடும்பம் நடத்தியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கண்ணாடிக்காரர் இறங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை, அந்தப் பெட்டி வந்து..." என்று மாமியார் நாற்காலியில் இருந்தபடி ஆரம்பித்தார்.

"நீங்க கவலைப்படாதீங்க அத்தை. எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

மாமியார் மடியிலிருந்த ஸ்வெட்டரை மறுபடி பின்னத் தொடங்கினார்.

ஓட்டைகளைப் பெரிதாக்கக் கண்ணாடிக்காரர் டிரில்லை வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போய், மாமனார் வெள்ளைப் பெயிண்டில் தன் கைப்பட எழுதிவைத்திருந்த எழுத்துகளில் பாதியைச் சுரண்டிவிட்டது. போகும்போதும் வரும்போதும் மனைவி விரலால் தடவிப் பார்க்கிற எழுத்து. அதன்மேல் ஒரு ஒயரைத் தொங்கவிட்டு மறைத்துவைத்தார்.

ஜாக்குகளை எல்லாம் பொருத்தி சுவிட்சைப் போட்டால், விளக்கு எரிந்ததே தவிர மூச்சுப் பேச்சில்லை. ரிப்பேர்காரருக்கு போன் போட்டார். பழைய சாக்கெட்டுக்குள் ஒரு தகடு இருக்கும், ஒயர் செருகாதபோது அதுவே உள்ளுக்குள் இணைப்புக் கொடுத்துவிடும், புதியதில் அது கிடையாது, அந்த இணைப்புகளை இனி நீங்கள்தான் வெளியே ஒயர் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

கண்ணாடிக்காரர் கைக்கு வந்தபடி ஒயர் மாட்டினார். பெட்டி வீல் என்று அலறியது. குக்கர் வெடிக்கப் போகிறது என்று மேல்வீட்டுக்காரர் படியிறங்கி ஓடிவந்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு ஒரு திருகைத் திருப்பினால் விக்கல் எடுத்தது. மேல்பெட்டிக்கும் கீழ்ப்பெட்டிக்கும் ஒரு ஒயரைப் போட்டதும் விக்கல் நின்று, "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். எந்தத் திருகைத் திருப்பினாலும் அது அசைந்து கொடுக்கவில்லை.

மறுபடியும் போன்.

"அந்த ஒயர்ல ஒத்தைக் கம்பிதானே சார் இருக்கு. ரெண்டு பெட்டியோட கிரவுண்டையும், அதான் எர்த்து மாதிரி, தனியா ஒரு ஒயர் போட்டுச் சேர்த்தீங்களா? அதைச் சேர்த்தா இரைச்சல் நின்னுடும்."

கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு ஒயரைச் சீவினார். மாமியார் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒரு நிமிஷம் அத்தை" என்று அவர் குனிந்த நேரத்தில் கதவு திறந்தது. நாளைக்கு வரவேண்டிய மனைவி இன்றைக்கே வந்து நின்றாள்.

கழற்றிப் போட்ட துருப்பிடித்த சாக்கெட்டுகளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எங்கிருந்து மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தார்.

"கையை எடுங்க" என்றாள். "எதையும் தொடாதீங்க. இதேதாங்க. அப்பாவோட சத்தம் இதேதான்."

பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் காலடியில் வெறுந்தரையிலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். கண்ணோரம் ஈரம். கொஞ்ச நேரத்தில், பயண அலுப்பில், சின்னப்பிள்ளை மாதிரி தூங்கிப்போனாள். சீவிய ஒயரைக் கண்ணாடிக்காரர் சத்தம் போடாமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவளுக்காக உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"பார்த்தீங்களா அத்தை, மாமா வாசிச்ச அதே சத்தத்தைக் கொண்டுவந்துட்டேன்" என்று கிசுகிசுத்தார்.

மகள் நன்றாகத் தூங்கிவிட்டாளா என்று மாமியார் எட்டிப் பார்த்தார். பின்னல் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, உங்க மாமாவால அந்தப் பெட்டியை ஒருநாள்கூடப் பாட வைக்க முடியல, அவ கேட்டது சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருந்த எங்க பழைய ஃப்ரிட்ஜோட சத்தம்."